மகளை எஃப்.சி.க்குத் தயார் செய்தது

மகளைக் கல்லூரி நேர்காணலுக்கு அனுப்புவதும் லாரியை எஃப்.சி.க்கு அனுப்புவதும் ஒரே வேலைதான் என்று நான் நம்பினேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே யோசித்துக் கண்டுபிடித்தது.

லாரித் தொழிலில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஃப்.சி. என்பது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று கொடுக்கப்படும் சான்று. அதற்காக வண்டியை இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நாமக்கல்லில் என்னைப் போன்ற சில பேரிடம் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. வழுக்கையாகிப்போன டயரைக் கழற்றி வைத்துவிட்டு, தெரிந்தவர் வண்டியிலிருந்து நல்ல டயராக ஒரு நாளைக்கு இரவல் வாங்கி மாட்டுவோம். எரியாத விளக்குக்குப் பதிலாக மச்சினன் வண்டி விளக்கு. முகப்புக்கு ஒரு கை பெயின்ட். வண்டி கல்யாணப் பெண் மாதிரி போய் நிற்கும். சான்று கைக்கு வந்ததும் டயர்கள் அவரவர் வீடு போய்ச் சேரும். இதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. இன்றைக்கு உன் டயர் எனக்கு, நாளைக்கு என் டயர் உனக்கு.

இந்த ஞானத்தோடு இருபது வருடத்துக்கு மேல் இரண்டு லாரிகளையும் ஒரு புக்கிங் ஆபீஸையும் ஓட்டிக்கொண்டிருந்தவனிடம்தான் என் மகள் ஒரு நாள் தோசையைப் பிட்டுக்கொண்டே அந்தச் செய்தியைச் சொன்னாள். அவள் அப்போது சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் மூன்றாம் ஆண்டு. தினமும் நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் போய் வருவாள்.

“டிகிரி முடிச்சுட்டுப் பிசிஷியன் அசிஸ்டன்ட் படிக்கலாம்னு இருக்கறேங்கப்பா.”

“அப்படீன்னா டாக்டருக்குப் பை தூக்கறதா சாமி?”

அவள் கோபப்படவில்லை. நோயாளியிடம் பேசி நோயின் வரலாற்றை எடுப்பது, உடம்பைச் சோதித்து டாக்டரிடம் சொல்வது, அறுவை சிகிச்சையில் கூட நிற்பது, அது முடிந்த பிறகு ஆளைக் கவனித்துக்கொள்வது, இவை எல்லாமே டாக்டரின் மேற்பார்வையில் செய்கிற வேலை என்றாள்.

“ஓ, நம்ம வண்டில கிளீனராட்டம்.”

“இல்லீங்கப்பா. ரெண்டாவது டிரைவராட்டம்.”

குவாஹாத்திக்கு லோடு ஏற்றினால் இரண்டு டிரைவர் போட்டுத்தான் அனுப்புவோம். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. புரிந்த கையோடு பயமும் வந்துவிட்டது. புரியாத வரைக்கும் எனக்கு எதிலும் பயம் கிடையாது.

அவள் சேர விரும்பியது கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரி. இடங்கள் மிகக் குறைவு. உயிரியல், வேதியியல், இயற்பியலில் ஓர் எழுத்துத் தேர்வு, அதற்கப்புறம் நேர்காணல். ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்த அனுபவம் இருந்தால் நல்லது என்றும் போட்டிருந்தார்கள். அவளுக்கு வேறு எந்தப் படிப்பும் வேண்டாம், வேறு எந்த ஊரும் வேண்டாம். ஒரே கல்லூரி, ஒரே சீட்டு.

அவள் என்ன செய்தாள் என்றால், படித்தாள். போகும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் இயற்பியல், நின்றுகொண்டு போனால் காதில் மாட்டிக்கொண்டு ஆங்கிலம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எலும்புகளின் பெயர்களை எழுதி ஒட்டினாள். மோர் எடுக்கப் போகும்போதெல்லாம் நானும் இரண்டு எலும்பு படித்தேன். நான் என்ன செய்தேன் என்றால், ஒரு ஸ்டெதாஸ்கோப் வாங்கி வந்தேன். அதை யாரும் கேட்கவில்லை. “இது இப்பத் தேவைப்படாதுங்கப்பா” என்று அவள் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆபீஸில் ஆணியில் மாட்டினேன். லாரி இன்ஜின் மேல் வைத்துக் கேட்டுப் பார்த்தேன். டைமிங் சத்தம் தெளிவாகக் கேட்டது. அந்த வகையில் நஷ்டம் இல்லை.

ஆஸ்பத்திரி அனுபவத்துக்குச் சேலம் சூரமங்கலத்தில் ஓர் எலும்பு டாக்டர் ஒத்துக்கொண்டார். முன்பு என் டிரைவர் ஒருவருடைய காலைச் சேர்த்து வைத்தவர். கல்லூரி இல்லாத நாள்களில் வந்து கூட இருந்து பார்க்கட்டும் என்றார். அவள் போக ஆரம்பித்துச் சில வாரம் ஆனதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உருப்படியாக எதையாவது கற்றுக்கொள்கிறாளா, இல்லை ஓரமாக நிற்க வைத்துவிட்டார்களா? நேரே போய் விசாரிப்பது நன்றாக இருக்காது. அதனால் முட்டி வலி என்று சொல்லி டோக்கன் போட்டு, வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் அறையிலிருந்து அவள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த நிதானம் அவள் அம்மாவிடமிருந்து வந்தது. என் பக்கம் அந்தச் சரக்கு ஸ்டாக் கிடையாது.

அவள் பின்னாலேயே ஓர் அம்மாள் மணிக்கட்டில் புதிய மாவுக்கட்டோடு வந்தார். உள்ளே டாக்டர் சொன்னதற்கெல்லாம் “சரிங்க, சரிங்க” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது வெளியே வரைக்கும் கேட்டது. கதவைத் தாண்டியதும் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏஞ்சாமி, டாக்டரு என்ன சொன்னாருங்க?”

“வெரல மட்டும் மடக்கி மடக்கி நீட்டோணுங்களாமா. கட்டு நனையக் கூடாது. அந்தக் கையில எந்த வேலையும் செய்யக் கூடாதுங்க.”

“பால் கறக்கலாமுங்களா?”

“கூடாதுங்க.”

“எருமைதானுங்க. பசு இல்ல.”

“எருமையும் கூடாதுங்க. ஊட்ல வேற யாரு இருக்கறாங்க?”

“மருமக இருக்கறா. அவ கிட்டப் போனா எருமை ஒதைக்குதுங்க.”

“மகனுங்க?”

“அவன் கிட்டப் போனா எருமை ஒதைக்காது. ஆனா அவன் போவ மாட்டான்.”

இப்படியே போய்க்கொண்டிருந்தது. மகன் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறான், பால் சொசைட்டிக்காரர் எப்போது வருவார், அக்கம்பக்கத்தில் கறக்கத் தெரிந்தவர் யார் என்று என் மகள் விசாரித்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கோயம்புத்தூரில் அவளுக்குப் போட்டியாக நிற்கப்போகிற பிள்ளைகள் இந்நேரம் இதயத்தின் நான்கு அறைகளை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். இவள் எருமை யாரை உதைக்கும் என்று படித்துக்கொண்டிருக்கிறாள்.

பிறகு என் முறை வந்தது. விவரம் எழுதியது அவளேதான். டாக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

“பேருங்க?”

சொன்னேன்.

“வயசுங்க?”

பழக்கதோஷத்தில் மூன்று வயதைக் குறைத்துச் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்க்காமல் சரியான வயதை எழுதினாள். டாக்டர் முட்டியை அமுக்கிப் பார்த்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். தேய்மானம் ஆரம்பித்திருக்கிறது, எடையில் பத்து கிலோ குறையுங்கள் என்றார். வலி இல்லாமல் உள்ளே போனவன் நொண்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் வீட்டில் கேட்டேன். “படிக்கப் போன எடத்துல எருமைக் கதை பேசிட்டு நிக்கறயே சாமி, டாக்டர் பாத்தா என்ன நெனைப்பாரு?”

“அதுவும் வேலைதானுங்கப்பா.”

நான் நம்பவில்லை.

நேர்காணலில் ‘ஏன் இந்தப் படிப்பு?’ என்று கட்டாயம் கேட்பார்கள் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். வீட்டிலேயே ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். “எனக்குப் புடிச்சிருக்குதுங்க” என்றாள். அவ்வளவுதான். என் கணக்கில் இது நூல் தெரிகிற டயர். இதை மாட்டிக்கொண்டு கேட்டைக்கூடத் தாண்ட முடியாது. எனவே இரவல் டயர் தேடிக் கிளம்பினேன்.

எங்கள் தெருவில் ஒருவருக்கு பெங்களூரில் ஒரு மாப்பிள்ளை உண்டு. கம்பெனிக்கு ஆள் எடுக்கிற வேலை. அவரிடம் கெஞ்சினேன். அவரும் வாட்ஸ்அப்பில் ஒரு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டார். என் மச்சினன் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறான். என்னைவிட இரண்டு வகுப்பு கூடப் படித்தவன். ஆபீஸுக்கு வரவழைத்து, வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன்.

“சின்ன வயசுலயே ஒரு ராத்திரி, கிராமத்துல இருந்து டவுனுக்கு ஆம்புலன்ஸ்ல போறப்ப, என்ற தாத்தா என்ற மடியிலயே உயிர உட்டுட்டாரு. அன்னைக்கு முடிவு பண்ணுனேன்…” நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். “மச்சான், இந்தத் தாத்தா யாருங்க?”

“பொதுவா ஒரு தாத்தா மாப்ள.”

“பொதுத் தாத்தாவுக்கு எங்க போறது? புள்ளைக்கு இருக்கறது ஒரே தாத்தா. எங்கப்பன். காத்தால மல்லசமுத்திரத்துல மரவள்ளிக்குத் தண்ணி கட்டிட்டு இருந்தாரு, பாத்துட்டுத்தான் வாரேன்.”

என் மனைவி அந்த நேரம் பார்த்து ஆபீஸுக்குக் காபியோடு வந்தாள். ஆபீஸும் வீடும் ஒரே கட்டடம். இது ஒரு குறை.

“ஏனுங்க, எங்கப்பன் உங்குளுக்கு என்னங்க கெடுதல் பண்ணுனாரு?”

“இன்டர்வியூவுக்கு மட்டுந்தாம்மா. அன்னைக்குச் சாயங்காலமே…”

“வேணும்னா உங்கப்பனச் சாவடிச்சுக்கங்க.”

“எங்கப்பா செத்துத்தான் எத்தனையோ வருசமாச்சே.”

“அப்பச் சுலபந்தானுங்களே.”

மாமனாரை இறக்கிவிட்டு அப்பாவை ஏற்றினேன். கட்டுரையில் ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. இரவல் சரக்கின் வசதி அதுதான். சாயங்காலம் அச்செடுத்து மகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

“அவரு சாவறப்ப நான் பொறக்கவே இல்லீங்களே.”

“அது அவங்களுக்குத் தெரியுமா சாமி?”

“எனக்குத் தெரியுங்களே.”

எழுத்துத் தேர்வைத் தோழிகளோடு போய் எழுதிவிட்டு வந்தாள். நேர்காணலுக்கு அழைப்பும் வந்துவிட்டது. அதற்கு முன் வந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஆபீஸில் ஒத்திகை வைத்தேன். நான் தலைமை டாக்டர். மச்சினன் நெஞ்சு வலிக்காரன். அவன் டிரைவர்கள் உட்காரும் பெஞ்சில் படுத்து உருண்டான்.

“வலி எங்க ஆரம்பிக்குதுங்க மாமா?” என்றாள் மகள்.

“டீசல் வெலையில ஆரம்பிக்குது சாமி.”

“கைக்கு எறங்குதுங்களா?”

“கைக்கு எங்க எறங்குது? கைக்கு வந்தாத்தான் பரவாயில்லயே.”

அவள் சிரிக்காமல், வேர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா, இதற்கு முன் வந்திருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனாள். தலைமை டாக்டராகிய நான் ‘ஒய் திஸ் கோர்ஸ்?’ என்று அதட்டினேன். அடுத்த கேள்வி எனக்கு மறந்துவிட்டது. நெற்றியைத் துண்டால் துடைத்துக்கொண்டேன். அவள் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள், “மொதல்ல நீங்க தண்ணி குடிங்கப்பா.” நோயாளி பெஞ்சில் எழுந்து உட்கார்ந்து கைதட்டினான்.

கோயம்புத்தூருக்குக் காரில் போனோம். நான் ஓட்டினேன். சங்ககிரி வரைக்கும் ஸ்டியரிங்கிலேயே கவனமாக வந்தேன். பவானி தாண்டியதும் தாங்கவில்லை. அந்தக் கட்டுரையைச் சொல்லாவிட்டால் சீட்டு போய்விடும், மற்ற பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கொரு தாத்தாவோடு வந்திருப்பார்கள் என்று எடுத்துச் சொன்னேன்.

“என்ற தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு, சொல்றேன்னு.”

பின் சீட்டிலிருந்து மனைவி, “அடிக்கறதுன்னா நான் வேணா அடிக்கட்டுங்களா?” என்றாள்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். பெருந்துறை பைபாஸில் நான் மூன்றாவது கியரிலேயே வெகுதூரம் போய்க்கொண்டிருந்ததையும் பார்த்தாள். “சரிங்கப்பா, சொல்றேன். கியர மாத்துங்க” என்றாள்.

கல்லூரியில் காத்திருக்கும் கூடத்தில் எனக்கு அடுத்த நாற்காலியில் ஒரு தகப்பன். வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் கவர். அவருக்குக் கரூர், ஜவுளி ஏற்றுமதி.

“பொண்ணுங்களா?” என்றார்.

“ஆமாங்க. சும்மா, பாத்துட்டுப் போலாம்னு வந்தோமுங்க.”

“நாங்களும் சும்மாத்தானுங்க வந்தோம். அவ்வளவு ஒண்ணும் தயாராகலைங்க.”

“எங்குளுதும் புஸ்தகத்தையே தொடலைங்க.”

இரண்டு பேருக்கும் நெற்றியில் ஒரே கோவில் விபூதி. அவர் கவரைத் திறந்து திறந்து மூடுவதை நானும், நான் வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை அவரும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம்.

மகள் உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து வந்தாள். “பசிக்குதுங்க” என்றாள். கேன்டீனில் இட்லி வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்களாம். முதல் கேள்வியே ‘ஏன் இந்தப் படிப்பு?’ கொடுத்த வாக்குப்படி பெங்களூர் மாப்பிள்ளையின் கட்டுரையை ஆரம்பித்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் வரைக்கும் தடங்கல் இல்லாமல் போயிருக்கிறது. நடுவில் உட்கார்ந்திருந்த வயதான பெண் டாக்டர் பரிவாக, “தாத்தாவுக்கு என்னம்மா இருந்துது? என்ன மருந்து எடுத்துட்டு இருந்தார்?” என்று கேட்டிருக்கிறார். கட்டுரையில் அது இல்லை.

“நீ என்ன சாமி சொன்ன?”

“‘மேடம், அவர நான் பாத்ததே இல்ல. எங்கப்பா சொல்லச் சொன்னாரு’ன்னு சொன்னேங்க.”

கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே போட்டுவிட்டேன். மனைவி சாம்பாரை என் பக்கம் தள்ளிவைத்தாள்.

“அப்புறம்?”

“‘அப்பா என்ன பண்றாரு?’ன்னாங்க. ‘லாரி வெச்சிருக்காரு’ன்னேன். மூணு பேரும் சிரிச்சாங்க. ‘சரி, நீயே பாத்தது ஏதாவது இருந்தாச் சொல்லு’ன்னாங்க. அந்த எருமைக்கார அம்மாவைப் பத்திச் சொன்னேங்க.”

“எருமையா? இன்டர்வியூலயா?”

“அவங்க டாக்டர்கிட்ட எல்லாத்துக்கும் சரிங்க சரிங்கன்னுதான் சொன்னாங்க. ஆனா வெளிய பேசாம உட்டிருந்தா, அன்னைக்குச் சாயங்காலமே கட்டோட போயிக் கறந்திருப்பாங்க. யாரு கறக்கறதுன்னு முடிவானதுக்கு அப்புறந்தான் கட்டு கைல நிக்கும். அந்த வேலை எனக்குப் புடிச்சிருக்குதுன்னு சொன்னேங்க.”

பெண் டாக்டர் கடைசியில் யார் கறந்தார்கள் என்று கேட்டாராம். பக்கத்துத் தோட்டத்து ஆள், அந்த அம்மாளின் மகனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு போய்க் கறந்ததாகச் சொல்லியிருக்கிறாள். சட்டையின் வாசத்துக்கு எருமை ஏமாந்துவிட்டது. இது எனக்கும் புதிய தகவல். நான் வரிசையில் உட்கார்ந்து கேட்டது பாதிக் கதைதான்.

திரும்பி வரும் வழியில் என் மனைவி வண்டியை ஓட்டினாள்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பட்டியல் கல்லூரியின் இணையதளத்தில் வந்தபோது அதில் அவள் பெயர் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. அந்தப் பட்டியல் நகர்ந்து நகர்ந்து அவளுக்கு முந்தின ஆளோடு நின்றுபோனது. நான் தாத்தாதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். மாட்டிக்கொடுத்த டயர் நடுரோட்டில் வெடித்துவிட்டது என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னேன். சாப்பாடு குறைந்தது. முட்டி டாக்டர் சொன்ன எடைக்கு அருகில் வந்தேன். “செத்த மனுசன மறுபடியும் சாவடிச்சா இப்படித்தானுங்க மச்சான்” என்று மச்சினன் ஆறுதல் சொன்னான்.

மகள் அழுதாள். ஒரு நாள் முழுக்க அறையை விட்டு வரவில்லை. மறுநாள் மதிப்பெண் விவரத்தைக் கேட்டுக் கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். பதில் வந்ததும் கைபேசியை என்னிடம் நீட்டினாள். நேர்காணலில் நல்ல மதிப்பெண். எழுத்துத் தேர்வில்தான் குறைந்திருந்தது, அதுவும் இயற்பியலில். என் கட்டுரையால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அத்தனை மாதப் பதற்றம் அந்தச் சீட்டை ஒரு நூல் அளவுகூட அசைத்திருக்கவில்லை.

அந்த வருடம் அவள் சூரமங்கலத்து ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்ந்து, காலையில் இயற்பியல் படித்தாள். அடுத்த வருடம் மறுபடியும் தேர்வு எழுதினாள். நேர்காணலுக்குத் தனியாக பஸ்ஸில் போய்விட்டு வந்தாள். சீட்டு கிடைத்தது.